போக்கர்ல 31,600 கை ஆடியாச்சு. ஜெயிச்சது நானா, சீட்டா?

கெடிலக்கரை:

வணக்கம். எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பம். சிப்காட்ல ஒரு கம்பெனி லேப்ல ஷிஃப்ட் வேலை. போன வாரம் பீரோவை ஒழிக்கும்போது என் பழைய போக்கர் நோட்டு கையில கிடைச்சுது. கடைக்காரங்க வரவு செலவு எழுதுற சிவப்பு அட்டை நோட்டு. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டம் வந்து, காசு வெச்சு ஆடுற ஆப்லாம் கடையை மூடினப்ப நோட்டும் அதோட நின்னுபோச்சு. இப்பதான் உட்கார்ந்து மொத்தமா கூட்டினேன். கூட்டினதுலேர்ந்து ஒரு கேள்வி குடையுது, அதான் இங்க கேக்கறேன்.

2024 ஜனவரியில ஆரம்பிச்சேன். அதுக்கு முன்னாடி நவம்பர்லதான் சென்னை உயர் நீதிமன்றம் போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டம்னு சொல்லி, தமிழ்நாட்டுத் தடையை அந்த ரெண்டுக்கும் நீக்கிச்சு. போட்டது 5,000. அதுல 28% ஜிஎஸ்டி போக டேபிளுக்கு வந்தது 3,906. ஒரு சீட்டுகூடப் பாக்கறதுக்கு முன்னாடியே ஆயிரத்துச் சொச்சம் காலி.

நான் வெச்சுக்கிட்ட விதி ஒண்ணே ஒண்ணு: கையில 20 பை-இன் (ஒரு டேபிள்ல உட்காரும்போது எடுத்துட்டுப் போற பணம்) இல்லாம ஒரு டேபிள்லயும் உட்காரக் கூடாது. கிறிஸ் ஃபெர்குசன்னு அமெரிக்க ஆட்டக்காரர் 2006ல பைசா போடாம இலவசப் போட்டியில ஆரம்பிச்சு, ஒண்ணரை வருஷம் போல ஆடி 10,000 டாலர் சேர்த்தாரு. இருக்கற பணத்துல 5 சதவீதத்துக்கு மேல ஒரு டேபிளுக்கு எடுத்துட்டுப் போகமாட்டாராம். அதைத்தான் காப்பி அடிச்சேன். 1/2 டேபிள்னா சீட்டு வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேர் கட்டாயமா 1 ரூபாயும் 2 ரூபாயும் கட்டணும்; அதுல பெருசைத்தான் இங்க பிளைண்ட்னு கணக்கு வெச்சிருக்கேன். அங்க பை-இன் 100 பிளைண்ட், அதாவது 200. என்கிட்ட இருந்தது 19 பை-இன்னும் கொஞ்சமும். சரி, கண்ணை மூடிக்கிட்டு 20னு வெச்சுக்கிட்டேன்.

1/2ல 15,000 கை (ஒரு தடவை சீட்டுப் போட்டு ஆடி முடிக்கறது ஒரு கை). வரவு 4,200. கையிருப்பு 8,000 தாண்டினதும் 2/4க்கு ஏறினேன். அங்க 16,000 கை, வரவு 6,400. பெரிய வித்தை எதுவும் கிடையாது. மூணு சீட்டு ஆடிப் பழகினவங்க போக்கருக்கு வந்தா எதையும் கீழ போட மாட்டாங்க. ஒரு ஏஸ் கையில இருந்தா போதும், கூட இருக்கறது 4ஓ 5ஓ, ரிவர்னு சொல்ற கடைசிச் சீட்டு வரைக்கும் காசு கட்டுவாங்க. நான் நூறு கையில எண்பதைத் தூக்கிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பேன். பி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, மொட்டை மாடியில கொசுவத்தி ஏத்தி வெச்சு ரெண்டு டேபிள். ஏஸ் ஜோடி வர்றதே 221 கைக்கு ஒரு தடவைதான். அது வரைக்கும் பொறுமையா இருக்கறதுக்குப் பேர்தான் திறமைன்னா எனக்கு இருக்கு. லேப்ல டைட்ரேஷன் பண்றவனுக்கு சொட்டு சொட்டா காத்திருக்கறது புதுசா என்ன.

2024 டிசம்பர் முதல் வாரம் நோட்டுல காலி. ஃபெஞ்சல் புயல். கரண்ட் இல்ல, பெண்ணையாத்துல வெள்ளம், சீட்டு யார் நினைப்பா.

இப்ப கெட்ட கதை. 2025 மே. அதுக்குள்ள தமிழ்நாட்டுல புது விதி வந்திருந்துது, ராத்திரி 12லேர்ந்து காலைல 5 வரைக்கும் ஆப் திறக்காது. அன்னைக்கு 2/4ல எனக்கு ரெண்டு 8. ஃப்ளாப், அதாவது நடுவுல முதல்ல திறக்கற மூணு சீட்டு, 8, ராஜா, 4. அதுல ரெண்டு ஆட்டின். எதிராளி ஆல்-இன், இருக்கறதை எல்லாம் நடுவுல தள்ளிட்டாரு. காட்டினா அவர்கிட்ட வெறும் ஃப்ளஷ் டிராதான், இன்னொரு ஆட்டின் விழுந்தாதான் அவருக்கு ஒரே இனத்துல அஞ்சு சீட்டு சேரும். நாலுல மூணு தடவை நான் ஜெயிக்கற இடம். ரிவர்ல ஆட்டின் விழுந்துது. மணி 11:50. விதியாவது ஒண்ணாவதுன்னு நேரா 5/10 டேபிளுக்குப் போனேன். பத்து நிமிஷத்துல 1,000 போச்சு. டாண்ணு 12க்கு ஆப் என்னை வெளிய தள்ளிச்சு.

மறுநாள் என்ன பண்ணேன் தெரியுமா? கன்னியக்கோயில்ல இருக்கற மச்சான் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டேன். பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி தாண்டினா முள்ளோடை, அங்கேர்ந்து புதுச்சேரி. அங்க தமிழ்நாட்டு விதி கிடையாது. மச்சான் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து விடியற வரைக்கும் 5/10 ஆடினேன். 2,500 போச்சு. மூணாவது பை-இன் பாதியில நிறுத்தினேன்கறது ஒண்ணுதான் பெருமை. ரெண்டு ராத்திரியும் சேர்த்து 600 கை, 3,500 நஷ்டம். அப்புறம் ஒழுங்கா 2/4க்கே இறங்கி வந்துட்டேன்.

ஆகஸ்ட்ல இருந்தது 11,006. மூணு தடவையா பிடிச்ச 30% டிடிஎஸ் போக பேங்க்குக்கு வந்தது 9,204.

கேள்வி இதுதான். 31,600 கையில எல்லாம் போக 3,350 பிளைண்ட் லாபம். நூறு கைக்கு 10.6. இது நான் ஆடி ஜெயிச்சதா, இல்ல சீட்டு விழுந்ததா? ஆடத் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. கூட வேலை பாக்கற ஒருத்தர் அந்த 9,204ஐ எடுத்துக்கிட்டு கோவாவுக்கு ஆட வாங்கன்னு கூப்பிடறார். இன்னொருத்தர் டெலிகிராம்ல ஏதோ வெளிநாட்டு ஆப் லிங்க் அனுப்பிக்கிட்டே இருக்கார்.

பாகூர்க்காரன்:

அண்ணே, உங்க ஊர்லேர்ந்து முள்ளோடைக்கு ராத்திரியில வண்டி எடுத்துட்டு வர்றவங்க எல்லாரும் பாட்டிலுக்குத்தான் வருவாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன். தோக்கறதுக்குன்னே எல்லை தாண்டி வந்த ஆளு நீங்க ஒருத்தர்தான்.

மொத்தம் எத்தனை மணி நேரம் ஆடினீங்க? அதை எழுதவே இல்லையே.

கெடிலக்கரை:

அதுவும் நோட்டுல இருக்கு. 226 மணி நேரம்.

பாகூர்க்காரன்:

9,204ல நீங்க போட்ட 5,000 போனா மிச்சம் 4,204. 226ஆல வகுத்தா மணிக்கு 18 ரூபா 60 பைசா. கொசுவத்தி, டேட்டா ரீசார்ஜ், கன்னியக்கோயில் போய் வந்த பெட்ரோல் எதையும் கழிக்கல. சிப்காட்ல ஓ.டி.க்கு என்ன தர்றாங்கன்னு நான் கேக்கமாட்டேன், உங்க மனசு கஷ்டப்படும்.

லாஸ்பேட்டை வாத்தியார்:

நல்ல கேள்வி. இதுக்குக் கணக்குல பதில் இருக்கு. காலேஜ்ல புள்ளியியல் எடுத்தவன்கறதால சும்மா போக மனசில்ல.

ஆறு பேர் டேபிள்ல நூறு கைக்கு எவ்வளவு ஏறி இறங்கும்னு ஒரு அளவு உண்டு. திட்ட விலக்கம்னு சொல்வோம். சுமாரா 100 பிளைண்ட்னு வெச்சுக்கலாம். நீங்க ஆடினது 316 நூறு. 316க்கு வர்க்கமூலம் 17.8. அதை 100ஆல பெருக்கினா 1,780 பிளைண்ட். அதாவது லாபமும் வராம நஷ்டமும் வராம ஆடுற ஒரு ஆள் உங்க அளவு கை ஆடினா, வெறும் சீட்டு விழறதுலயே மேல 1,780, கீழ 1,780 போறது சர்வ சாதாரணம். நீங்க 3,350 மேல இருக்கீங்க. அதுல 1.88 மடங்கு.

இதைப் பேச்சுவழக்குல சொன்னா, அப்படி லாபமும் நஷ்டமும் இல்லாம ஆடுற 100 பேரை உட்கார வெச்சா அதுல 3 பேரோட நோட்டு உங்க நோட்டு மாதிரியோ அதைவிட நல்லாவோ இருக்கும். மிச்ச 97 பேர் இங்க வந்து கேள்வி கேக்க மாட்டாங்க. அதையும் மனசுல வெச்சுக்கணும்.

உங்க உண்மையான விகிதம் நூறு கைக்கு 10.6னு சொல்ல முடியாது. சைபருக்குக் கொஞ்சம் கீழலேர்ந்து கிட்டத்தட்ட 22 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம். நடுவுல எங்கயோன்னுதான் நானும் நினைக்கறேன், ஏன்னா நீங்க சொன்ன டேபிள்ல எல்லாரும் ரிவர் வரைக்கும் காசு கட்டியிருக்காங்க. ஆனா நோட்டு மட்டும் அதை நிரூபிக்காது. ஒரு லட்சம் கை இதே விகிதத்துல போயிருந்தா, ஆமாம்பா நீ ஆட்டக்காரன்தான்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பேன்.

ஒண்ணு மட்டும் கேக்கணும். ஆடின எல்லா ராத்திரியும் நோட்டுல இருக்கா? விட்டுப்போனது ஏதாவது உண்டா? இந்தக் கணக்கு அதை நம்பித்தான் நிக்குது.

தேவனாம்பட்டினம்:

கோவா பத்தி நான் சொல்றேன், ரெண்டு தடவை போய் வந்தவன். முதல்ல வேகம். நேர்ல சீட்டு கலைச்சுப் போட்டு ஆடும்போது மணிக்கு 30 கை வந்தாலே அதிகம். நீங்க மொட்டை மாடியில ரெண்டு டேபிள் ஓட்டி மணிக்கு 140 கை பாத்த ஆளு. அங்க போய் மூணாவது மணி நேரத்துல ஒரு கையும் வராம, இலவசமா தர்றதைக் குடிச்சுட்டு, கேவலமான சீட்டுக்கெல்லாம் காசு கட்டுவீங்க. நான் கட்டினேன்.

ரெண்டாவது பணம். நான் பாத்தப்ப 100/200 டேபிள்தான் ஓடிச்சு. 100 பிளைண்ட் எடுத்துட்டு உட்காரவே 20,000 வேணும். உங்க 9,204 அதுல 46 பிளைண்ட். 20 பை-இன் விதி வெச்சிருந்த மனுஷன் அரை பை-இன்னோட கோவா ரயில் ஏறினா ஃபெர்குசன் அழுவாரு.

வெளிநாட்டு ஆப் பக்கமே போகாதீங்க. ஆடுறவனுக்குத் தண்டனை இல்ல, நடத்துறவனுக்குத்தான் 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 கோடி வரைக்கும் அபராதம்னு அந்தச் சட்டத்தைப் பத்திச் சொல்றாங்க. அது சரிதான். ஆனா ஜெயிச்ச காசை அவன் தரலைன்னா எங்க போய்ச் சொல்வீங்க? டெலிகிராம்ல லிங்க் அனுப்பறவருக்கு எவ்வளவு கமிஷன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

முந்திரிக்காடு:

எல்லாரும் கணக்குப் போடறீங்க. எங்க சின்ன அண்ணனும் நோட்டு வெச்சிருந்தாரு. ரம்மி. அதுல ஜெயிச்ச நாள் மட்டும்தான் இருந்துது. அண்ணியோட ஏழு பவுன் அடகுக்குப் போன சீட்டை அந்த நோட்டுக்குள்ளயே மடிச்சு வெச்சிருந்தாரு, கணக்குல சேர்க்கல. இப்ப பண்ருட்டியில மளிகைக் கடையில நிக்கறாரு, நல்லா இருக்காரு.

வாத்தியார் கேட்ட கேள்விக்கு இவர் இன்னும் பதில் சொல்லல, கவனிச்சீங்களா?

கெடிலக்கரை:

ரெண்டு நாள் ஷிஃப்ட் மாத்திப் போட்டுட்டாங்க, அதான் லேட். இல்ல, பொய். வாத்தியார் சாரோட கேள்வியைப் படிச்சிட்டு மூடி வெச்சுட்டேன்.

சார், ஒண்ணு விட்டுப்போச்சு. அந்தத் திண்ணை ராத்திரி. மூணாவது பை-இன் பாதியில நிறுத்தினேன்னு எழுதினேன்ல, அது உண்மைதான். அந்த ஆப்புல நிறுத்தினேன். நிறுத்திட்டு, மச்சான் போன்ல இருந்த வேற ஒரு ஆப்பைப் பாத்து என் போன்லயும் ஏத்தி, 2,000 போட்டேன். ஜிஎஸ்டி போக 1,562. அதுவும் 5/10தான். விடியறதுக்குள்ள சுத்தமா போச்சு. விதியை உடைக்கலைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன், ஏன்னா விதி அந்த நோட்டுக்குத்தானே, இது நோட்டுலயே இல்லையேன்னு. காலைல மச்சான் சம்சாரம் டீ கொடுத்தாங்க, கண்ணெல்லாம் ஏன் சிவந்திருக்குன்னு கேட்டாங்க. கொசுன்னு சொன்னேன்.

பாகூர் தம்பி, உங்க கணக்கைத் திருத்திக்குங்க. லாபம் 4,204 இல்ல, 2,204.

கோவா போகல. 9,204ல 8,000 வீட்டுல வாஷிங் மெஷின் முன்பணத்துக்குப் போயாச்சு. எங்கேர்ந்து வந்த காசுன்னு அவ கேக்கல, நானும் சொல்லல. அந்த நோட்டை மட்டும் எடுத்து, மே மாசப் பக்கத்துல ஓரமா பென்சில்ல 2,000னு எழுதி வெச்சிருக்கேன்.

பாகூர்க்காரன்:

மணிக்கு 9 ரூபா 75 பைசா. எங்க ஊர் டீ விலையோட ஒப்பிட்டுப் பாத்தேன், சொல்ல வேணாம்னு விட்டுட்டேன். அண்ணிகிட்ட சொல்லிடுங்கண்ணே, மெஷின் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி.

லாஸ்பேட்டை வாத்தியார்:

1,562ன்னா 5/10ல 156 பிளைண்ட். லாபம் 3,194 ஆகும். 1.88 கிட்டத்தட்ட 1.8க்கு இறங்கும், 100 பேர்ல 3 பேர்னு சொன்னது ஏறக்குறைய 4 பேர். பெரிய வித்தியாசம் இல்ல.

பேனாவால எழுதுங்க. அந்த ரெண்டாவது ஆப்புல எத்தனை கை ஆடினீங்கன்னும் பக்கத்துலயே எழுதுங்க, அது இல்லாம மீதியைச் சரியா போட முடியாது.