மூளையைச் சுற்றித் தேங்கிய பழைய இரத்தம்: சிறு துளையா, பர் ஹோலா, எலும்பைத் திறப்பதா?

கேள்வி (பாம்பன்):

வணக்கம். என் தந்தைக்கு 72 வயது. ஆறு வாரங்களுக்கு முன்பு வள்ளத்தைக் கரையேற்றும்போது வழுக்கி விழுந்து, அணியத்தில் தலை மோதியது; அன்று வீக்கத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. சென்ற வாரம் அறுந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தபோது, கண்ணியைப் பிடித்திருந்த இடக்கை தானாகவே நழுவியது. ஒரு மருத்துவமனையில் பக்கவாதம் என்று சொல்லி ஆஸ்பிரின் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நேற்று எடுத்த சிடி ஸ்கேனில்தான் வலப்பக்கம் மூளை உறைக்கு அடியில் பழைய இரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தது. மதுரையில் ஒரு மருத்துவர் இரண்டு பர் ஹோல் (மண்டை ஓட்டில் துளைக்கருவியால் போடும், சற்றுப் பெரிய வட்டத் துளை) போடலாம் என்கிறார். இன்னொருவர் மிகச் சிறிய ஒற்றைத் துளை போதும் என்கிறார். எலும்பைத் திறந்து எடுத்தால்தான் மறுபடி வராது என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எதை ஏற்பது?

பதில் (மூளை நரம்பியல் அறுவை மருத்துவர், சொந்த ஊர் தொண்டி):

தம்பி, ஸ்கேனைப் பார்க்காமல் உங்கள் தந்தைக்கு இதுதான் என்று நான் சொல்லக்கூடாது. ஆனால் துளையின் அளவைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் இன்னும் கேட்கவில்லை: அறுவை முடிந்த பிறகு, மீதி இரத்தம் வெளியேற வடிகுழாய் வைப்பார்களா?

நாள்பட்ட இரத்தம் கெட்டியாக இருப்பதில்லை; படகு இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைப் போலக் கறுத்து, துளை போட்டதும் தானே வழிந்து வரும். அதனால்தான் பெரும்பாலானோருக்குப் பர் ஹோல் போதுமானதாக இருக்கிறது. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு துளையை, மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்குப் படுக்கையருகிலேயே, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து போட முடியும். எலும்பைத் திறப்பது உடலுக்குப் பெரிய சுமை. உள்ளே தடித்த சவ்வுகள் அறை அறையாகப் பிரித்திருந்தாலோ, இரத்தம் உறைந்து கெட்டிப்பட்டிருந்தாலோதான் நான் அதற்குப் போவேன்.

வடிகுழாய் பற்றி ஐயத்துக்கு இடமில்லை. 2009-இல் கேம்பிரிட்ஜில் 215 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், பர் ஹோலுக்குப் பின் 48 மணி நேரம் குழாய் வைத்தவர்களில் 9.3 விழுக்காட்டினருக்கே இரத்தம் மீண்டும் தேங்கியது. வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்குத் தேங்கியது. ஆறு மாதங்களில் இறந்தவர்களின் விகிதமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உட்புறத்தை உப்பு நீரால் கழுவுவதும் பயனுள்ளதே: 2024-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், கழுவாதவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கும் கழுவியவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கும் மறு அறுவை தேவைப்பட்டது.

ஆஸ்பிரின் சாப்பிட்டதை மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். உறக்கம் அதிகமானாலோ நினைவு மங்கினாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

பதில் (கீழக்கரை):

என் வாப்பாவுக்குப் போன ஆண்டு இரண்டு பர் ஹோல் போட்டார்கள். குழாயின் பையைத் தலைக்குக் கீழே, கட்டில் விளிம்பில் தொங்கவிட்டிருந்தார்கள். முதல் நாள் கறுப்பாக வடிந்தது, மறுநாள் தேநீர் நிறத்துக்கு வெளுத்தது. இரவில் அவர் குழப்பத்தில் குழாயை இழுக்கப் பார்த்ததால், நானும் என் தம்பியும் மாறி மாறிக் கையைப் பிடித்தபடி விழித்திருந்தோம். உடன் இருக்க இருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள், அண்ணா. மருத்துவர் சொல்லாமல் அவரை எழுப்பி உட்கார வைக்காதீர்கள்.

கேட்டவர்:

ஐயாவுக்கும் தங்கைக்கும் மிக்க நன்றி. குழாய் வைப்பார்களா, எத்தனை மணி நேரம், உள்ளே கழுவுவார்களா என்ற மூன்றையும் இரு மருத்துவர்களிடமும் நாளைக் காலையிலேயே கேட்டுவிடுகிறேன். ஆஸ்பிரின் எழுதிய சீட்டையும் எடுத்துப் போகிறேன். என் சித்தப்பாவும் உடன் வருகிறார்.