ஜெர்மன் பில்ஸுக்கு மார்க் போடுறது எப்படி? கந்தக வாடைக்குக் குறைக்கணுமா?

நெக்கார்_கரை:

வணக்கம். ஸ்டுட்கார்ட்ல இருக்கேன். இங்க வீட்டிலேயே பியர் காய்ச்சுறவங்க குழு ஒன்னு தங்களுக்குள்ள சின்னப் போட்டி வைக்கிறாங்க. நடுவர் மேசையில ஆள் குறையுதுன்னு என்னையும் உட்காரச் சொல்லியிருக்காங்க. பழகிக்கிறதுக்காகப் போன வாரம் ஒரு மாதிரிச் சுற்று நடந்துச்சு. அதுல ஒரு சின்ன ப்ரூவரியோட (பியர் ஆலை) பில்ஸை, அதாவது வெளிர் நிறத்துல கசப்பா இருக்கிற லாகர் வகை பியரை, எல்லாருக்கும் ஊத்திக் கொடுத்தாங்க. முழுக்க பில்ஸ்னர் மால்ட் (முளைகட்டி உலர்த்தின தானியம்), ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தர்ற கொடியோட பூ) டெட்னாங்கர், ஹாலர்டாவர் ட்ரடிஷன்னு ரெண்டு ரகம், ஈஸ்ட் 34/70ங்கிற லாகர் ரகம், ஆல்கஹால் 4.9 சதவீதம், கசப்பு 36 ஐ.பி.யு. (கசப்பை அளக்கிற அலகு).

நான் குறிச்சுக்கிட்டது இதெல்லாம். ஊத்தினதுமே தீக்குச்சி கொளுத்தின வாடை, ஆனா சீக்கிரமே போயிடுச்சு. அப்புறம் வேகவெச்ச சோளம் மாதிரி ஒரு வாசம், அது கடைசி வரைக்கும் இருந்துச்சு. லேசான கலங்கல். நுரை வேகமா இறங்கிடுச்சு. விழுங்கின பிறகும் கசப்பு ரொம்ப நேரம் நின்னுது. நான் 50க்கு 31 போட்டேன். பக்கத்துல இருந்த அனுபவசாலி 38 போட்டார். செக் நாட்டுப் பில்சன் ஊர்ல வேலை பார்த்துட்டு வந்த இன்னொருத்தர் "உடம்பு போதலை, தண்ணியா இருக்கு"ன்னு எழுதினார்.

இதுல எது குறை, எது பில்ஸோட இயல்பு? விவரம் தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

ஹாப்_தோட்டம்:

டெட்னாங் பக்கத்துல ஒரு சின்ன ப்ரூவரியில வேலை பார்க்கிறேன். போட்டி மேசைகள்லயும் உட்கார்றதுண்டு. இவ்வளவு தெளிவாக் குறிப்பு எழுதுறவங்க கிடைச்சது அந்தக் குழுவுக்கு நல்லது.

நீங்க பட்டியல் போட்டதுல நிச்சயமான குறைன்னா சோள வாசம் ஒன்னுதான்.

முதல்ல கந்தகம். லாகர் ஈஸ்ட் 9லேர்ந்து 12 டிகிரி குளிர்ல மெதுவா வேலை செய்யும்போது கந்தகச் சேர்மங்களை வெளியிடும். அதுல பெரும்பகுதி நொதிக்கும்போது வர்ற வாயுவோடயே போயிடும், மிச்சம் கொஞ்சம் தங்கும். ஊத்தினதும் மூக்கைத் தொட்டுட்டுப் போற அந்த லேசான தீக்குச்சி வாடையை ஜெர்மன் பில்ஸ்ல குறையா எண்ண மாட்டாங்க. நான் அதை விரும்பவே செய்வேன், புதுசா இறங்கின பில்ஸ்ங்கிறதுக்கு அடையாளம் அது. கிளாஸை ஒரு சுத்து சுத்திட்டு மறுபடி முகர்ந்து பாருங்க. போயிருந்தா மார்க்குல கைவைக்காதீங்க. அழுகின முட்டை வாடையா மாறினாலோ, போகாம நின்னாலோதான் குறைக்கணும்.

சோளம் வேற கதை. அது டி.எம்.எஸ். (டைமெத்தில் சல்ஃபைடு)ங்கிற சேர்மத்தோட வாசம். பில்ஸ்னர் மால்ட் வெளிர் நிறமா இருக்கணும்னு அதைக் குறைஞ்ச சூட்டுலதான் உலர்த்துறாங்க. அதனால டி.எம்.எஸ்ஸுக்கு மூலமான பொருள் அதுல நிறைய தங்கிடுது. கொதியில அது டி.எம்.எஸ்ஸா மாறி ஆவியோட வெளியேறணும். கொதி மந்தமா இருந்தா, பாதி மூடிவெச்சுக் காய்ச்சினா, அடுப்பை அணைச்ச பிறகு ஆறவைக்க நேரமாயிட்டா, உருவாகிறது வெளியேறாம உள்ளேயே நின்னுடும். அதனாலதான் இந்த மால்ட்டை 90 நிமிஷம் வரைக்கும் திறந்து வெச்சுக் கொதிக்கவிட்டு, சட்டுன்னு குளிரவைக்கிறாங்க. சந்தேகமா இருந்தா கிளாஸோட வாயை உள்ளங்கையால மூடி, மறு கையால அடியைப் பிடிச்சு கொஞ்ச நேரம் சூடாக்கி, கையை எடுத்த உடனே முகருங்க. டி.எம்.எஸ் இருந்தா அப்போ தானே முன்னால வந்து நிக்கும். குளிர்ல அது ஒளிஞ்சுக்கும். 38 போட்டவர் கிளாஸ் ஜில்லுன்னு இருக்கும்போதே எழுதி முடிச்சிருப்பார்னு எனக்குத் தோணுது.

இப்போ கசப்பு. இங்கதான் நீங்க நிறைய நேரம் செலவழிக்கணும்.

பியர் நடுவர்களுக்கான பி.ஜே.சி.பி. அமைப்போட வரையறையில ஜெர்மன் பில்ஸுக்குக் கசப்பு 22லேர்ந்து 40 ஐ.பி.யு. உங்க பியர் 36, உள்ளேதான் இருக்கு. கசப்பு விழுங்கின பிறகும் நிக்கணும், இந்த வகையோட உயிரே அதுதான். எவ்வளவு நேரம் நிக்குதுங்கிறதைவிட எப்படி நிக்குதுன்னு பாருங்க. ஒரு வாய் குடிச்சு, விழுங்கி, வாயை மூடிட்டு சும்மா இருங்க. கசப்பு நாக்கோட பின்பக்கம் சுத்தமா நின்னு, மெல்ல மெல்ல வத்தி, வாய் ஊறி, அடுத்த வாய்க்குக் கை தானா போனா அது நல்ல கசப்பு. நாவல்பழம் தின்ன பிறகு நாக்கு சொரசொரன்னு இழுக்குமே, அப்படி ஈறும் நாக்கும் இழுத்தா அது துவர்ப்பு. அது ஹாப்ஸ்லேர்ந்து வந்திருக்கணும்னு இல்லை. மால்ட் உமியை அளவுக்கு மீறின சூட்டுத் தண்ணியில அலசினாலோ, பி.எச் ஏறிப்போனாலோ உமியில இருக்கிற டானின் இறங்கிடும். மேசையில பல பேர் இது ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டு "கசப்பு அதிகம்"னு எழுதிடுறாங்க. அதைப் படிச்சுட்டு காய்ச்சினவர் அடுத்த தடவை ஹாப்ஸைக் குறைப்பார். பியர் இன்னும் மோசமாகும்.

வாய்ப்பு கிடைச்சா ஆகஸ்ட் கடைசியிலயோ செப்டம்பர்லயோ, அறுவடை நேரத்துல, டெட்னாங்குக்கு ஒரு தடவை வாங்க. கொடியிலேர்ந்து இறங்கின ஹாப் கூம்பு ஒன்னை நடுவுல பிளந்தா இதழோட அடியில மஞ்சப் பொடி தெரியும். உள்ளங்கையில போட்டு அழுத்தித் தேய்ச்சா பிசுபிசுன்னு ஒட்டும். முதல்ல பச்சைப் புல் வாசம், கை சூடு ஏற ஏற பூ வாசம், அதுக்கு அடியில மிளகு மாதிரி ஒரு காரம். டெட்னாங்கர், ஸ்பால்ட்டர், செக் நாட்டு ஸாட்ஸ் மூணும் ஒரே குடும்பம். அந்த வாசம் ஒரு தடவை மூக்குல பதிஞ்சுட்டா பில்ஸ்ல அது இருக்கா, மங்கிப்போச்சா, அட்டைப்பெட்டி வாடையா மாறிடுச்சான்னு தேடவே வேண்டாம். அட்டைப்பெட்டி வந்தா காத்து பட்டிருக்கு, இல்லைன்னா பழசு.

"உடம்பு போதலை"ன்னவர் பொஹீமிய (செக் நாட்டு) அளவுகோலை எடுத்துட்டு வந்திருக்கார். 1842ல பில்சன்ல யோசெஃப் க்ரோல் காய்ச்சின வழியில வர்ற செக் பியர்ல மால்ட் கனமா இருக்கும், நிறம் இன்னும் பொன்னா இருக்கும், கடைசியில கொஞ்சம் இனிப்பு தங்கும். க்ரோல் ஜெர்மனியோட பவேரியாவைச் சேர்ந்தவர்தான். ஆனா அவர் பாணி ஜெர்மனிக்குள்ள, குறிப்பா வடக்கே, பரவினப்போ மெலிஞ்சு, வெளுத்து, உலர்ந்து, கசப்பு முன்னால வந்து வேற உருவம் எடுத்துடுச்சு. ஜெர்மன் பில்ஸ்னு பெயர் கொடுத்துட்டு செக் கனத்தைக் கேட்கிறது நியாயமில்லை.

மார்க்கைப் பார்ப்போம். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில இருக்கிற உணர்வுக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. கலங்கலுக்கும் நுரைக்கும் சேர்த்தே உங்ககிட்ட இருக்கிறது மூணு மார்க்தான், ஒன்னு குறைச்சா போதும். சோளத்துக்கு மணத்துலயும் சுவையிலயும் குறைங்க. 38ன்னா "மிகச் சிறப்பு" வரிசை ஆரம்பிக்குது, வெளிப்படையா டி.எம்.எஸ் இருக்கிற பில்ஸை அங்க ஏத்த முடியாது. நீங்க சொன்ன குறிப்பை வெச்சு நான் 32, 33 போடுவேன். உங்க 31 பக்கத்துலதான் இருக்கு.

இன்னொன்னு. மணத்தை ஊத்தின உடனே எழுதிடுங்க, அது காத்திருக்காது. ஆனா சுவைக்கான மார்க்கைக் கிளாஸ் பாதியாகி, பியர் 11, 12 டிகிரிக்கு வந்த பிறகுதான் போடுங்க. 6 டிகிரியில எந்தப் பில்ஸும் நல்லாத்தான் இருக்கும். பாதிக் கிளாஸ்ல வெண்ணெய் வாசம் தலைதூக்குதா, இனிப்பு வழியுதா, கசப்பு முரடாகுதான்னு எல்லாம் தெரிஞ்சிடும். பழமோ, வறுத்த மால்ட்டோ, காரமோ எதுவும் மேல போர்த்தாத பியர் இது. சூடேறியும் சுத்தமா நிக்கிற பில்ஸைக் காய்ச்சினவர் எவ்வளவு பொறுமையா உழைச்சிருக்கார்னு எனக்குத் தெரியும், அதுக்கு மனசாரக் கொடுப்பேன்.

டோட்முண்ட்_தம்பி:

ஹாப்_தோட்டம் அண்ணை சொன்னதெல்லாம் சரி. நுரையைப் பற்றி மட்டும் நான் கொஞ்சம் கதைக்கிறன். இஞ்ச டோட்முண்டில ஒரு க்னைப்பேயில, அதுதான் பியர் குடிக்கிற கடையில, கன காலமா பியர் ஊத்துறன்.

நுரை கெதியா விழுந்தா முதல்ல கிளாஸைப் பாருங்கோ, பிறகுதான் பியர். உள்பக்கத்தில சின்னச் சின்னக் குமிழி ஒட்டிக்கொண்டு நிண்டால் கிளாஸில எண்ணெய்ப் பிடிப்பு இருக்கு எண்டு அர்த்தம். மிஷினில கழுவேக்க மினுக்கத்துக்குப் போடுற திரவமும் நுரையைக் கொல்லும். சுத்தமான கிளாஸெண்டால் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமா சுவரில நிக்கும். ஊத்த முதல் பச்சைத் தண்ணியில அலசி, துடைக்காமல் அந்த ஈரத்தோடயே ஊத்தவேணும்.

பில்ஸுக்கு ஏழு நிமிசம் வேணும் எண்டு ஆக்கள் சொல்லுவினம், அதை நம்பாதேங்கோ. ஏழு நிமிசம் நிண்டால் சூடாகி, காஸும் போயிடும். ரெண்டு மூண்டு தரமா ஊத்தி, மூண்டு நிமிசத்துக்குள்ள மேசைக்குப் போகவேணும். போட்டியில எல்லாருக்கும் ஒரே மாதிரி ஊத்தாட்டி ஒருவர் காஸ் கூட எண்டுவார், மற்றவர் குறைவு எண்டுவார். காய்ச்சின ஆளுக்குத்தான் அநியாயம்.

பாம்பெர்க்_வாசி:

கலங்கலுக்கு ஒரு மார்க் குறைக்கிறதைக்கூட நான் ஏத்துக்க மாட்டேன். இங்க ஃப்ராங்கன்ல பல சின்ன ப்ரூவரிகள் வடிகட்டாமலேயே கொடுக்கிறாங்க, அதுதான் ருசியே. வடிகட்டினா கொஞ்சம் ஹாப் மணமும் கூடவே போயிடுது.

ஹாப்_தோட்டம்:

பாம்பெர்க்_வாசி, கெல்லர் பில்ஸ்னு (வடிகட்டாத பில்ஸ்) பதிவு பண்ணியிருந்தா நானும் குறைக்க மாட்டேன், எனக்கும் அது பிடிக்கும். ஜெர்மன் பில்ஸ்னு பதிவு பண்ணினா பளிச்சுன்னு இருக்கணும்னுதான் வரையறை கேட்குது. பதிவுச் சீட்டுல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க். டோட்முண்ட்_தம்பி சொன்ன கிளாஸ் விஷயம் ரொம்ப முக்கியம், நெக்கார்_கரை அதை விசாரிச்சுப் பாருங்க.

நெக்கார்_கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விசாரிச்சேன். கிளாஸ் எல்லாம் மிஷின்லதான் கழுவினாங்களாம், அந்த மினுக்கத் திரவமும் போட்டிருக்காங்க. மிச்சம் இருந்த ஒரு பாட்டிலை வாங்கி, கையால கழுவின கிளாஸ்ல ஊத்திப் பார்த்தேன். நுரை நல்லா நின்னுது. கிளாஸைக் கையால மூடி சூடாக்கினப்போ சோளம் பளிச்சுன்னு வந்துச்சு. கசப்புல துவர்ப்பு இல்லை. இப்போ 33ன்னு மாத்தி எழுதியிருக்கேன்.

கடைசியா ஒரு கேள்வி. யேவரும் குடிச்சிருக்கேன், ரோட்ஹவுஸ் டானன்ஸெப்ஃப்ளேயும் குடிச்சிருக்கேன். ரெண்டும் பில்ஸ்தான், ஆனா ஒன்னு உலர்ந்து கடுமையா கசக்குது, இன்னொன்னு மிருதுவா இருக்கு. எதை மனசுல அளவா வெச்சுக்கிறது?

ஹாப்_தோட்டம்:

ரெண்டையும் வெச்சுக்கோங்க. யேவர் வட கடலை ஒட்டின ஃப்ரீஸ்லாந்துல 1848லேர்ந்து இருக்கிற ப்ரூவரி, ரோட்ஹவுஸ் கறுப்புக் காட்டுல 1791ல ஒரு மடாலயம் ஆரம்பிச்சது. பொதுவா வடக்கே போகப் போக உலர்ச்சியும் கசப்பும் கூடும், தெற்கே மால்ட் கொஞ்சம் வட்டமா, மென்மையா இருக்கும். வரையறைக்குள்ள ரெண்டுக்கும் இடம் இருக்கு. உங்களுக்குப் பிடிச்ச முனையை ஒதுக்கி வெச்சுட்டு, அந்த பியர் எந்த முனையில நிக்க நினைக்குதோ அங்க நேரா நிக்குதான்னு பாருங்க. மென்மையா இருக்கிறதுக்காகக் குறைக்காதீங்க, மங்கலா இருந்தா குறைங்க.

யேவர் பச்சை பாட்டில்ல வர்றது. கடையில ஜன்னல் வெளிச்சத்துல கிடந்ததை வாங்காதீங்க. வெளிச்சம் பட்டா ஹாப் கசப்புப் பொருள் சிதைஞ்சு ஒரு துர்நாத்தம் வரும், அதை பில்ஸோட இயல்புன்னு மூக்கு பழகிடக் கூடாது. போட்டிக்கு வர்ற பியரையும் பழுப்பு பாட்டில்ல, குளிர்ல வைக்கச் சொல்லுங்க.

அன்னைக்குக் காலையில காபியும் காரமும் வேண்டாம். பில்ஸை முதல் சுற்றுலேயே வைக்கும்படி இப்பவே கேட்டுக்கோங்க. ஹாப்ஸ் தூக்கலான ஐ.பி.ஏ. வகை பியர் நாலு கிளாஸுக்கு அப்புறம் பில்ஸ் வந்தா யாருக்கும் நியாயம் பண்ண முடியாது.