செல்லும் விதையும் வாங்கிய டோஸ் எவ்வளவு?

புதுச்சேரியிலிருந்து:

கடலூர்த் தம்பிக்கு, செல்லுக்கு 8 கிரே (உறிஞ்சிய கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸைச் சொல்லும் அலகு) கதிர் கொடுத்தும் அது எதிர்பார்த்த அளவு சாகவில்லை என்றால், கூடச் சேர்த்த மருந்தைச் சந்தேகப்படும் முன் டோஸை அளந்து பாருங்கள். ஆல்ஃபா 0.3, பீட்டா 0.03 (கதிருக்குச் செல் எவ்வளவு எளிதில் சாகும் என்று காட்டும் இரண்டு எண்கள்) உள்ள செல்லில் 8 கிரேக்குப் பிழைப்பது 1.3 சதவீதம். 7.2 கிரேதான் போய்ச் சேர்ந்தது என்றால் 2.4 சதவீதம். டோஸில் பத்து சதவீதம் குறைந்ததற்கே, பிழைத்த செல்கள் பெருகி உண்டாக்கும் காலனி ஏறக்குறைய இரண்டு மடங்கு!

கதிர் மூலம் கோபால்ட்-60 என்றால் பில்ட்-அப்பை, அதாவது கதிர் பொருளுக்குள் நுழைந்தபின் டோஸ் ஏறுவதைப் பாருங்கள். முழு டோஸ் சேர 5 மில்லிமீட்டர் தண்ணீர் அளவு தடிமன் வேண்டும். செல் வளர்க்கும் டி-25 பிளாஸ்க்கில் (அடிப்பரப்பு 25 சதுர சென்டிமீட்டர்) 5 மில்லி மீடியம், அதாவது வளர்ப்புத் திரவம் ஊற்றினால் உயரம் 2 மில்லிமீட்டர்தான், அதற்கு மேல் வெறும் காற்று. பிளாஸ்க்கை மீடியத்தால் நிரப்பி மூடுங்கள். கதிர் கீழிருந்து வந்தால் அடியில் 5 மில்லிமீட்டர் பெர்ஸ்பெக்ஸ் தகட்டை இடைவெளி இல்லாமல் ஒட்டி வையுங்கள். மூலத்திலிருந்து 80 சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலே டோஸ் 2.5 சதவீதம் மாறும்.

டோஸை அளக்கும் அயன் சேம்பரின் (காற்று நிரம்பிய அளவுகருவி) ரீடிங்குக்கு வெப்ப, அழுத்தத் திருத்தம் கட்டாயம். மே மாதம் ஏசி நின்ற அறையில் 32 டிகிரி என்றால், 20 டிகிரிக்குத் தரப்படுத்திய சேம்பர் 4 சதவீதம் குறைத்துக் காட்டும்.

சிதம்பரத்திலிருந்து:

அண்ணன் சொன்னது செல்லுக்கு. நெல், மல்லாட்டை (நிலக்கடலை) விதையை காமா சேம்பரில் (கோபால்ட் மூலம் உள்ள கதிர்ப் பெட்டி) வைப்பவர்களுக்கு, கதிர் பட்டால் ஒளி உறிஞ்சல் கூடும் ஃபிரிக்கே கரைசல் டோஸை அளக்கப் போதும்; 40 முதல் 400 கிரே வரை நம்பலாம். ஒரு லிட்டருக்கு ஃபெரஸ் அமோனியம் சல்ஃபேட் 0.392 கிராம், உப்பு 0.058 கிராம், அடர் கந்தக அமிலம் 22 மில்லி. முக்கால்வாசித் தண்ணீரில் அமிலத்தை மெல்ல ஊற்றிக் கலந்து, ஆறியபின் லிட்டருக்கு நிரப்புங்கள். பாட்டிலில் சோப்பு ஒட்டியிருந்தால்கூட அளவு ஏறிவிடும். கழுவுவதில்தான் பாதி வேலை. விதை இருக்கும் அதே இடத்தில் குப்பியை வையுங்கள். பிறகு 304 நானோமீட்டரில், 1 சென்டிமீட்டர் கியூவெட்டில் (ஒளி உறிஞ்சலை அளக்கும் சிறு குப்பி), 25 டிகிரியில் உறிஞ்சலைப் பாருங்கள். கதிர் படாத கரைசலைவிட உறிஞ்சல் எவ்வளவு கூடியதோ அதை 278-ஆல் பெருக்கினால் கிரே. 0.36 கூடினால் 100 கிரே.

30, 60, 120 விநாடி என டோஸை அளந்து, நேரத்துக்கு எதிராகக் கோடு போடுங்கள். கோடு பூஜ்யத்தைத் தொடாமல் மேலே வெட்டினால், அது மாதிரி வைக்கும் டிராயர் மூலத்துக்கு இறங்கி ஏறும்போது சேரும் டோஸ். பழைய டோஸ் வீதத்தை அப்படியே எடுக்காதீர்கள், கோபால்ட்டின் கதிர் மாதம் 1.1 சதவீதம் குறைகிறது.

கடலூரிலிருந்து:

டோஸ் சரியாக இருந்தும் முளைப்பு மாறினால் விதையின் ஈரப்பதத்தைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் நெல் ஈரம் இழுத்துக்கொள்ளும். மிகவும் காய்ந்த விதையோ அதே டோஸில் அதிகம் அடிபடும். 60 சதவீத கிளிசரால் கரைசல் வைத்த டெசிகேட்டரில் (இறுக மூடும் கண்ணாடிப் பாத்திரம்) விதையை ஒரு வாரம் வைத்தால் ஈரப்பதம் 12, 13 சதவீதத்தில் நிற்கும். அந்த ஈரப்பதத்தையும் டோஸுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.