சொந்த நாட்டில் ஒரு சீட், வெளிநாட்டில் ஒரு சீட்: எதை எடுத்தீங்க?

அரைகுறை ஆய்வாளன்:
கையில ரெண்டு ஆஃபர். இங்கே ஒரு பிஎச்டி சீட், கைடு ஏற்கெனவே பழக்கம். அமெரிக்காவில் இன்னொண்ணு, அஞ்சு வருஷ ஃபண்டிங்கோட. ராங்கிங், விசா கதையெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான், விட்டுடறேன். என்னை இன்னும் குடையறது ஒரு வீடியோ கால்.

அந்த அமெரிக்க லேப்ல நாலாவது வருஷம் படிச்ச பெண்கிட்ட அரை மணி நேரம் பேசினேன். கலகலப்பாத்தான் பேசினாங்க. கடைசியா, "திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொன்னா இதே லேபுக்கு வருவீங்களா?"ன்னு கேட்டேன். ஒண்ணும் சொல்லாம எழுந்து போனாங்க. திரையில காலி நாற்காலி மட்டும் லேசாச் சுத்திக்கிட்டிருந்துச்சு. கதவைச் சாத்துற சத்தம். வந்து உட்கார்ந்து, "ம்... நல்ல இடம்தான்"னாங்க.

மறுநாளே இங்கே சம்மதம் சொல்லிட்டேன். மூணு வருஷம் ஆச்சு, வேலை நல்லாத்தான் போகுது. அந்த நாற்காலிதான் கண்ணைவிட்டுப் போகமாட்டேங்குது.

ரெண்டாவது பெஞ்ச்:
வெளியே யாராவது சத்தம் போட்டிருப்பாங்க, சாத்தியிருப்பாங்க. ஒரு கதவுக்காக அஞ்சு வருஷ ஃபண்டிங்கை விட்டீங்களா? நானா இருந்தா இன்னும் ரெண்டு பேர்கிட்ட பேசிட்டு முடிவு பண்ணியிருப்பேன்.

தேன்சிட்டு:
ரெண்டாவது பெஞ்ச், சொல்றது சுலபம். நான் யாரையும் கேட்காம போனவ. ஒரே ஒரு பேராசிரியருக்காக வெளிநாட்டு ஆஃபரை எடுத்தேன். முதல் நாள் அவர் அறையைத் தேடிப் போனா கதவுல பெயர்ப்பலகை இல்லை. நாலு ஆணி ஓட்டை, நடுவுல வெயில் படாத வெளுப்பு. கோடையிலேயே வேற பல்கலைக்கழகத்துக்கு மாறிட்டாராம். துறையில எல்லாருக்கும் மெயில் போயிருக்கு, புதுசா சேர்றவங்க பேர் மட்டும் அந்தப் பட்டியல்ல ஏறலை. வேற லேப் கிடைக்கறதுக்குள்ள ஒரு வருஷம் போச்சு. அதனால கதவைப் பார்த்துப் பயந்தவரை நான் கேலி பண்ண மாட்டேன்.

நாற்பதிலும் மாணவன்:
என் கதை சின்னது. இங்குள்ள நிறுவனம் மூன்று நாள் கெடு வைத்தது. பயந்துபோய்ப் பணம் கட்டினேன். நாலாம் நாள் அமெரிக்க ஆஃபர் வந்தது. அந்த ரசீது இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது.

ஆனால் தம்பி தங்கைகளுக்குச் சிலதைச் சொல்லியே ஆகவேண்டும். அமெரிக்க ஆஃபருக்குப் பதில் சொல்லக் கெடு ஏப்ரல் 15 என்கிறார்கள் எல்லாரும். அது சட்டமில்லை. அமெரிக்கப் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கவுன்சில் கொண்டுவந்த தீர்மானம். அதை ஏற்றுக் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியோடு கொடுக்கும் ஆஃபருக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக்கூடாது. அவ்வளவுதான். உங்கள் நாட்டு நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது. ஆகவே முதலில் கெடு முடிகிற இடத்துக்கு எழுதி அவகாசம் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை, அதுதான் என் முட்டாள்தனம்.

அடுத்தது, கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை, வருடத்தில் 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? டியூஷன் (படிப்புக் கட்டணம்) தள்ளுபடி என்றால் மற்ற கட்டணங்களும் தள்ளுபடி என்று நினைத்துவிடாதீர்கள். "ஐந்து வருடம்" என்று எழுதிய கையோடு "படிப்பில் முன்னேற்றம் திருப்தியாக இருந்தால், நிதி இருந்தால்" என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் சீட் காத்திருக்கலாம், பணம் காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை, எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று. ஜெர்மனியில் பல பிஎச்டி இடங்கள் சம்பள ஒப்பந்தத்தோடு வரும் வேலை. பிரிட்டனில் பொதுவாக 3, 4 வருடம். அமெரிக்காவில் பொதுவாக முதலில் கோர்ஸ்வொர்க் (வகுப்புப் பாடங்கள்), தகுதித் தேர்வு, அப்புறம்தான் முழுநேர ஆய்வு. 5 வருடத்துக்கு மேலும் இழுக்கலாம். மாதத் தொகையை மட்டும் வைத்து இவற்றை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகத்தான் வரும். அப்புறம் அந்த லேபில் இருப்பவர்களைவிட, பாதியில் விட்டுப் போனவர்களைத் தேடிப் பேசுங்கள்...

ரெண்டாவது பெஞ்ச்:
சார், யாரும் கேட்கலையே! (ஆனா அந்த 9 மாசம் விஷயம் எனக்குத் தெரியாது. என் கடிதத்தை இப்போதான் திறந்து பார்த்தேன். 9தான்.)

தேன்சிட்டு:
ஆய்வாளன், அந்தப் பெண்ணுக்கே எழுதிக் கேட்டா என்ன? படிப்பை முடிச்சு வெளியே வந்திருப்பாங்க, இனி யாருக்குப் பயம்?

அரைகுறை ஆய்வாளன்:
எழுதினேன். போன வருஷம் பட்டம் வாங்கிட்டாங்களாம், இப்போ வேற ஊர்ல வேலை. காலி நாற்காலி வரைக்கும் எல்லாத்தையும் விவரமா எழுதிக் கேட்டிருந்தேன். நேத்து ராத்திரி பதில் வந்துச்சு. "உங்ககூட பேசினது ஞாபகம் இருக்கு. எந்தக் கதவு?"