‘எங்கள் வளவு’ குழு: கச்சானும் எள்ளுருண்டையும்

2021 மார்ச் 14

நான் (பேர்ன், சுவிட்சர்லாந்து): எல்லோரும் இருக்கிறீர்களா? ஒரு விஷயம் கேட்க வேண்டும். அடுத்த மாதம் மகளுக்கு ஏழு வயது முடிகிறது. மேர்சொய்லிதான் வேண்டுமாம், வேறு ஒன்றும் வேண்டாமாம். மூன்று வாரமாக வீட்டில் இதே பாட்டு.

அம்மா (கொக்குவில்): அது என்ன பிள்ளை, தின்கிற சாமானா?

நான்: இல்லை அம்மா. கினிப் பன்றி. இங்கே ஜெர்மன் மொழியில் ‘குட்டிக் கடல்பன்றி’ என்பார்கள். படம் அனுப்புகிறேன்.

நான்: (படம்)

அம்மா: இது பெருச்சாளி அல்லவா! வளவுக்குள் வந்தால் உன் அப்பா விளக்குமாற்றோடு ஓடுவார். நீ காசு கொடுத்து வீட்டுக்குள் விடப்போகிறாயா?

அண்ணா (டொரன்டோ): வாலைப் பாருங்கள் அம்மா. பெருச்சாளிக்கு வால் உண்டு, இதற்கு இல்லை.

அம்மா: வெட்டிவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள்.

அண்ணா: ஊர் ஆன்டீஸ் மலை. பெருவில் ‘குய்’ என்று பெயர். அங்கே சுட்டுத் தின்பதற்காகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வளர்க்கிறார்கள். கடலுக்கும் இதற்கும் உள்ள உறவு, கப்பலில் ஏறி ஐரோப்பாவுக்கு வந்ததோடு சரி. பன்றிக்கும் இதற்கும் அதுவும் இல்லை.

நான்: அண்ணா, அந்தத் தின்கிற கதையை உடனே நீக்குங்கள். மகள் என் கைப்பேசியில்தான் படம் பார்க்கிறாள். இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள்.

அக்கா (விண்டர்தூர்): இப்போதுதான் பார்த்தேன். ஒரே ஒரு கேள்வி. யார் பார்ப்பது?

நான்: மகள்தான். தினமும் புல் வைப்பேன், கூடு துப்புரவாக்குவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். சின்னவன் பெருவிரலை மையில் தோய்த்து வைத்திருக்கிறான்.

அக்கா: என் மூத்தவனும் போட்டான். அந்தக் கையெழுத்தின் ஆயுள் ஐந்து வாரம். பிராணியின் ஆயுள் ஐந்து முதல் எட்டு வருடம். மிச்சத்தை நானும் அத்தானும் செய்தோம். உனக்கும் அவருக்கும் விருப்பம் இருந்தால் வாங்கு. பிள்ளைகளுக்காக என்றால் வேண்டாம்.

இவர்: எனக்கு விருப்பம்தான், அக்கா. சின்ன வயதில் முயல் வைத்திருந்தோம்.

அக்கா: முயல் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரு கூட்டில் போடுகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள் தம்பி. முயலின் ஒரு உதை போதும்.

நான்: முதலில் ஒன்று வாங்கிப் பார்க்கலாமா?

அக்கா: ஒன்று கூடாது. கூட்டமாக வாழ்கிற பிராணியைத் தனியே வைப்பதற்கு இந்த நாட்டில் 2008இலிருந்து சட்டமே தடை போடுகிறது. குறைந்தது இரண்டு.

சின்னம்மா (சென்னை): தனியாக இருக்கிற அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்கும் அப்படிச் சட்டம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்.

அண்ணா: விசாவுக்கு விண்ணப்பியுங்கள் சின்னம்மா.

நான்: இரண்டு என்றால் ஆணும் பெண்ணுமா? குட்டி போட்டால் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள்.

அக்கா: குட்டிகள் அழகுதான். ஏறத்தாழ இரண்டு மாதம் வயிற்றிலிருந்து, மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறந்து, அன்றைக்கே ஓடும். ஆனால் பெற்ற அன்றே தாய் மறுபடி சினைப்படும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் பிரிக்காவிட்டால் தாயையும் சகோதரிகளையும் விட்டுவைக்காது. வருடம் முடிவதற்குள் உன் வரவேற்பறை போதாது. விலங்குக் காப்பகத்துக்குப் போ. ஆண்மை நீக்கிய ஆண் ஒன்று, பெண் ஒன்று, ஏற்கெனவே பழகிய சோடியாகக் கேள். கடையில் வாங்குகிற குட்டியைவிட அது நல்லது.

2021 ஏப்ரல் 10

நான்: வந்துவிட்டார்கள்! இரண்டு வயதுச் சோடி. ஆண் வறுத்த கச்சான் (சென்னையில் வேர்க்கடலை) நிறம், அதனால் கச்சான். பெண் கறுப்பு உருண்டை, எள்ளுருண்டை. பெயர் மகளுடையது.

அம்மா: பலகாரப் பெயரை எல்லாம் பெருச்சாளிக்கு வைக்கிறார்கள்.

2021 ஏப்ரல் 15

நான்: ஐந்து நாளாயிற்று. குடிலுக்குள்ளிருந்து மூக்கு மட்டும் தெரிகிறது. சின்னவன் முன்னால் நின்று ஜெர்மன், தமிழ் இரண்டிலும் ‘வெளியே வா’ என்று கத்துகிறான். மகள் ‘இது பழுதான மேர்சொய்லி’ என்று சொல்லிவிட்டாள்.

அக்கா: பயப்பட்டு ஒளிவதுதான் அவற்றின் தொழில். மேலேயிருந்து கை வந்தால் பருந்து என்று நினைக்கும். பிள்ளைகளைத் தரையில் உட்கார வை. கையில் கொத்தமல்லித் தண்டு. பேச்சே கூடாது. பத்து நிமிடம்.

நான்: நான்கு வயதுப் பிள்ளை பத்து நிமிடம் பேசாமலா?

அக்கா: அதுதான் இந்தப் பிராணி உனக்குச் செய்கிற உதவி.

2021 ஏப்ரல் 21

நான்: கச்சான் வந்து தண்டை இழுத்துக்கொண்டு ஓடினான்!! சின்னவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு இருந்தான். மூச்சுவிட்டானா என்றுகூடத் தெரியவில்லை.

2021 மே 8

நான்: அக்கா, அழைப்பை எடுங்கள்

நான்: அக்கா

நான்: சின்னவன் எனக்குத் தெரியாமல் எள்ளுவைத் தூக்கிச் சோபாவில் வைத்திருக்கிறான். துள்ளிக் கீழே விழுந்துவிட்டாள்.

அக்கா: நடக்கிறாளா? பின்னங்கால் இரண்டையும் ஊன்றுகிறாளா?

நான்: ஓடிப்போய்க் குடிலுக்குள் புகுந்துவிட்டாள்.

அக்கா: விடு, தொடாதே. ஒரு மணி நேரத்தில் புல் தின்கிறாளா என்று பார். தின்றாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டு. இவற்றின் முதுகெலும்பு பூனையின் முதுகெலும்பு அல்ல. சோபா உயரம்கூட ஒடிக்கப் போதும்.

அம்மா: சின்னவனை அடிக்காதே பிள்ளை.

இவர்: யாரும் அடிக்கவில்லை மாமி. அவனும் மேசைக்கு அடியில் ஒளிந்திருக்கிறான்.

நான்: தின்கிறாள். இப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அக்கா: இனிமேல் தூக்குவது பெரியவர்கள் மட்டும். ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்தைத் தாங்க வேண்டும். பிள்ளை தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, மடியில் துவாயை விரித்து நீ வைக்க வேண்டும். அவன் கெட்டவன் அல்ல. அந்த வயதுக் கை, அன்பு கூடினால் இறுக்கும்.

2021 ஜூன் 6

சின்னம்மா: அவற்றுக்கு என்னதான் சாப்பாடு? இங்கே எதிர்வீட்டுப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான்: முக்கால் பங்குக்கு மேல் காய்ந்த புல், சின்னம்மா. பிறகு கீரை, காய். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது. நம்மைப் போலவே இவற்றின் உடம்பும் விட்டமின் சி உண்டாக்காது. வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் ஸ்கர்வி வந்து மூட்டு வீங்கிப் படுத்துவிடும். அதனால் தினமும் குடைமிளகாய்.

அம்மா: நெல்லிக்காய் கொடு.

அக்கா: அம்மா முதல் தடவை சரியாகச் சொல்லியிருக்கிறார்.

அம்மா: நான் எல்லாத் தடவையும் சரியாகத்தான் சொல்கிறேன்.

அக்கா: சின்னம்மா, எதிர்வீட்டாரிடம் முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லுங்கள். இது குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி, வியர்க்காது. இருபத்தெட்டு பாகை தாண்டினாலே தவிக்கும். சென்னையில் பகல் முழுக்கக் குளிரூட்டி ஓடாத வீடு என்றால் வேண்டாம்.

சின்னம்மா: எனக்கே இரவில் மட்டும்தான் ஓடுகிறது. சொல்லிவிடுகிறேன்.

2021 நவம்பர் 14

நான்: கச்சான் காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவு திறந்தால் விசில் அடிக்கிறவன், இன்று சத்தமே இல்லை. சமையல் தராசில் நிறுத்தேன். 910 கிராம். போன ஞாயிறு 985.

அண்ணா: சின்னவனின் காதுவலிக்குக் கொடுத்த அமோக்சிசிலின் மிச்சம் இருக்குமே. ஒரு துளி கொடுத்துப் பார்க்கலாம்.

அக்கா: கூடாது!!! யாரும் கொடுக்காதீர்கள். பென்சிலின் குடும்ப மருந்தை வாயால் கொடுத்தால் இவற்றுக்கு நஞ்சு. குடலில் இருக்கிற நல்ல கிருமி செத்து, கெட்டது பெருகி, சில நாளில் ஆளை முடித்துவிடும்.

அண்ணா: மன்னிக்கவும். நான் கணக்காளன்.

அக்கா: இதன் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நாள் பட்டினியே ஆபத்து. ஞாயிறு என்று பார்க்காதே. அவசர மருத்துவரிடம் இப்போதே போ. எள்ளுவையும் அதே பெட்டியில் கொண்டுபோ, அவன் பயப்படமாட்டான்.

இவர்: புறப்பட்டுவிட்டோம்.

இவர்: (மாலை 6:40) கடைவாய்ப் பற்கள் வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போலக் கவிந்துவிட்டதாம். மயக்க மருந்து கொடுத்து அராவினார்கள். ஊட்டத்தூளைக் கரைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட வேண்டும். இரவிலும்.

நான்: பில்லைப் பார்த்ததும் இவருக்கும் பல் வலி வந்தது.

அம்மா: பல் எப்படி அப்படி வளரும்?

அக்கா: இவற்றின் பல் சாகும்வரை வளரும் அம்மா. புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். புல் தின்றானா?

நான்: அதுதான். மகள் இப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். ‘புல்லில் ருசி இல்லை, பாவம்’ என்று இரண்டு வேளையும் கிண்ணம் நிறையக் கடைத்தீனியும் காரட்டும் வைத்திருக்கிறாள். நான்தான் கவனிக்கவில்லை. மனம் சரியில்லை.

அம்மா: நம் பசுவும் அப்படித்தான். புண்ணாக்கைக் காட்டிவிட்டால் வைக்கோலைத் திரும்பிப் பார்க்காது. பிள்ளையைப் பேசாதே. அன்பில் செய்தது.

2022 பெப்ரவரி 2

நான்: சின்னவன் கழுத்தில் வட்டமாகத் தடிப்பு. பிள்ளை மருத்துவர் பார்த்த உடனே கேட்டார்: ‘வீட்டில் மேர்சொய்லி இருக்கிறதா?’ படர்தாமரையாம். கச்சானின் மூக்கோரம் மயிர் உதிர்ந்ததை நாங்கள் சண்டைக் காயம் என்று நினைத்திருந்தோம்.

அம்மா: வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசு.

நான்: இங்கே வண்டுகொல்லிக்கு எங்கே போவேன் அம்மா? களிம்பு தந்திருக்கிறார். கூடு, துவாய் எல்லாம் கழுவியாயிற்று. இனி தொட்டால் கை கழுவாமல் ஒருவருக்கும் சாப்பாடு இல்லை.

2022 ஜூலை 19

அம்மா: (படம்) தங்கச்சி, பேர்னில் நான் செய்கிற வேலையைப் பார். காலை ஆறு மணிக்குப் புல் பிடுங்குகிறேன். நாய் போகாத இடம், மருந்து அடிக்காத இடம்.

சின்னம்மா: அக்கா, பெருச்சாளிக்கா?

அம்மா: இது பெருச்சாளி இல்லை. வால் இல்லை, தெரியாதா?

அண்ணா: 😂😂😂

அம்மா: இன்று இங்கே முப்பத்துமூன்று பாகை. தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து, என் பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி வைத்தேன். இரண்டும் அதில் சாய்ந்து படுத்திருக்கின்றன. புல்லைக் கண்டதும் கச்சான் சோளப்பொரி மாதிரி நின்ற இடத்தில் துள்ளுகிறான். என் பேரப்பிள்ளைகள்கூட என் சமையலுக்கு இப்படித் துள்ளியதில்லை.

நான்: கூடு கழுவுவது யார் என்றும் சொல்லுங்கள் அம்மா.

அம்மா: மருமகன்தான். பாவம், ஒவ்வொரு சனிக்கிழமையும்.

அக்கா: கையெழுத்து?

நான்: இன்னும் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது. மேலே பாடசாலை நேர அட்டவணை ஒட்டியாயிற்று.

2025 பெப்ரவரி 9

நான்: கச்சான் இன்று விடியற்காலை போய்விட்டான். ஆறு வயது. நேற்று மாலை கொஞ்சம் கொத்தமல்லி தின்றான். எள்ளு பக்கத்திலேயே படுத்திருந்தாள். சிறிது நேரம் அவளுக்கு அருகிலேயே விட்டோம்.

அக்கா: சரியாகச் செய்தாய். அவளுக்குத் தெரிய வேண்டும்.

அம்மா: ஐயோ என் பிள்ளை. இங்கே என்றால் வாழையடியில் புதைத்திருக்கலாம். பிள்ளைகள்?

நான்: மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து வயதில் இவ்வளவு நாளும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அதற்காகவே அழுகிறாள். சின்னவன் அழவில்லை. எட்டு வயது. இரண்டு வருடமாகக் காலைப் புல் வைப்பது அவன்தான், நாங்கள் சொல்லாமலே. தராசில் எள்ளுவை நிறுத்து எழுதினான். 870.

2025 பெப்ரவரி 13

நான்: எள்ளு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். தின்கிறாள், ஆனால் விசில் இல்லை. அக்கா, உண்மையைச் சொல்கிறேன். இன்னொரு குட்டி வாங்கினால், எள்ளு போனபின் அது தனி. அதற்கு ஒரு துணை, அதற்கு இன்னொரு துணை. அடுத்த எட்டு வருடம் என்னால் முடியாது.

அண்ணா: அரச வம்சம் மாதிரி. சிங்காசனம் காலியாகவே ஆகாது.

அக்கா: இந்த நாட்டில் அதற்கும் வழி உண்டு. துணை இழந்த ஒன்றுக்காக வயதான மேர்சொய்லியை இரவல் தருகிறவர்கள் இருக்கிறார்கள். எள்ளு இருக்கும்வரை உன் வீட்டில். பிறகு அது திரும்பித் தன் கூட்டத்துக்குப் போய்விடும்.

அண்ணா: இரவல் மாப்பிள்ளையா?

அம்மா: இதைக் கேட்க நான் இவ்வளவு நாள் உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

இவர்: எனக்குச் சம்மதம். சனிக்கிழமை எனக்கும் வேறு வேலை இல்லை.

2025 பெப்ரவரி 23

நான்: வந்துவிட்டான். நான்கு வயது, ஆண்மை நீக்கியது, உடம்பெல்லாம் சுருள் மயிர். இருவருக்கும் பழக்கமில்லாத குளியலறைத் தரையில் விட்டோம், நிறையப் புல் போட்டு. எள்ளு பல்லை நறநறவென்று கடித்தாள். அவன் இடுப்பை ஆட்டிக்கொண்டு ‘புர்ர்’ என்று சுற்றினான். ஒரு மணி நேரம் கழித்து ஒரே புல்லை இரண்டு முனையிலும் தின்றார்கள்.

சின்னம்மா: சீதனம் ஏதும் கேட்டானா?

நான்: அரைக் குடைமிளகாய்.

அம்மா: பெயர் வைத்தாயிற்றா?

நான்: பெயரோடுதான் வந்திருக்கிறான் அம்மா. ஃப்ரிட்ஸ்.

அம்மா: அது என் வாயில் வராது. படம் அனுப்பு.

நான்: (படம்)

அம்மா: இடியப்பம் என்று கூப்பிடச் சொல் சின்னவனிடம்.