பைத்தான்ல கலர் பிரிண்ட்: வீட்ல வருது, ஆபீஸ்ல அம்புக்குறி வருது

சுக்குகாப்பி:
வணக்கம் மக்களே, ஒரு சின்ன ஸ்கிரிப்ட், சர்வர் லாக்க படிச்சு எர்ரர் வந்தா சிவப்புல ஓகேன்னா பச்சைல காட்டணும் அவ்ளோதான். பேக்ஸ்லாஷ் 033 போட்டு [31எம் போட்டா சிவப்புன்னு எங்கயோ பாத்து எழுதுனேன், வீட்ல உபுண்டுல சூப்பரா வந்துச்சு. அதே ஃபைல ஆபீஸ் விண்டோஸ் மெஷின்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஓட்டுனா கலர் இல்ல, ←[31எம் னு அம்புக்குறியோட குப்பையா வருது. டீம் லீட் பின்னாடி நின்னு சிரிக்கிறாரு. இன்னும் ரெண்டு தொல்லை: ஒரு தடவ சிவப்பு ஆனா அதுக்கப்புறம் எல்லாமே சிவப்பு, அப்புறம் 10 இடம் விட்டு வரிசையா நிக்க வச்ச டேபிள் கோணலா போகுது. எங்க தப்பு?

பழைய_டெர்மினல்:
தப்பு உங்க மேல இல்ல ப்ரோ, பாதி விண்டோஸ் மேல. அந்த 033 எஸ்கேப் கேரக்டரோட ஆக்டல் (எட்டு அடிப்படை) நம்பர், சாதா கணக்குல 27. 1978-ல வந்த விடி100 டெர்மினல் காலத்துலேந்து இதே முறைதான். லினக்ஸ் டெர்மினலுக்கு அது வந்தாலே கட்டளைன்னு புரியும். பழைய விண்டோஸ் கன்சோலுக்கு சுத்தமா புரியாது, விண்டோஸ் 10-லதான் புரிய ஆரம்பிச்சுது, அதுலயும் அந்த மோட நாமதான் ஆன் பண்ணணும். கலராமான்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, அத இன்ஸ்டால் பண்ணி 'ஜஸ்ட் ஃபிக்ஸ் விண்டோஸ் கன்சோல்' ஃபங்ஷன ஆரம்பத்துல ஒரு தடவ கூப்பிடுங்க, போதும். இல்லன்னா ஸ்கிரிப்ட விண்டோஸ் டெர்மினல்ல ஓட்டிப் பாருங்க, அதுல தானாவே வரும்.

எல்லாம் சிவப்பு ஆகுறது, நீங்க மூடல. கடைசில 0எம் போடணும், அதுதான் ரீசெட். 1 போட்டா போல்ட், 4 அடிக்கோடு, 7 போட்டா எழுத்து கலரும் பின்னணி கலரும் இடம் மாறிடும். 30லேந்து 37 எழுத்துக்கு, 40லேந்து 47 பின்னணிக்கு. சேத்தும் போடலாம், 1;31 னா போல்ட் சிவப்பு.

இட்லிபொடி:
கோணல் மேட்டர் நானும் ஒரு நாள் முழுக்க மண்டைய உடைச்சது. கண்ணுக்குத் தெரியலன்னாலும் அந்த கலர் கோடும் (code) எழுத்துதான், சிவப்பு ஆரம்பிக்க 5, ரீசெட்டுக்கு 4, மொத்தம் 9. உங்க 'ஃபெயில்' இங்கிலீஷ்ல 4 எழுத்து, இதோட 13 ஆச்சா, நீங்க கேட்ட 10 ஏற்கனவே தாண்டிருச்சுன்னு பைத்தான் ஒரு ஸ்பேஸ் கூட விடாது. முதல்ல இடம் விட்டு நிரப்புங்க, அப்புறம் கலர சுத்துங்க. அடிக்கோடு போட்டா மட்டும் காலி இடத்துக்கும் கோடு வரும், பாத்துக்கோங்க.

தேன்குழல்:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், ரிச் லைப்ரரி போடுங்க, டேபிளும் அதுவே போடும், அளவும் அதுவே பாத்துக்கும்.

இட்லிபொடி:
@தேன்குழல் போடலாம்தான், ஆனா இவர் பிரிண்ட் பண்றது லாக். ரிச்சுக்கு ஸ்கொயர் பிராக்கெட்னா ஸ்டைல் டேக். லாக்ல சின்ன எழுத்துல [எர்ரர்] னு இங்கிலீஷ்ல இருந்தா அந்த வார்த்தையே சத்தமில்லாம காணாம போயிடும், பிராக்கெட்டுக்குள்ள ஸ்லாஷ்ல ஆரம்பிக்கிற பாத் வந்துச்சுன்னா ஸ்கிரிப்டே படுத்துரும். வெளியேந்து வர்ற டெக்ஸ்ட்ட ரிச்சோட எஸ்கேப் ஃபங்ஷன்ல (பிராக்கெட்ட டேக்கா எடுக்காம சாதா எழுத்தா விடும்) போட்டுத்தான் குடுக்கணும்.

சுக்குகாப்பி:
கலராமா போட்டேன், வந்துருச்சு, டேபிளும் நேரா நிக்குது, ரொம்ப நன்றி!! ரிச் அடுத்த ப்ராஜெக்ட்ல பாக்குறேன். ஆனா வீட்ல உபுண்டுல அவுட்புட்ட ஒரு ஃபைல்ல திருப்பி விட்டு லீடுக்கு மெயில் பண்ணேன், அதுல மறுபடியும் [31எம் குப்பை 😭

பழைய_டெர்மினல்:
ஃபைலுக்கு என்ன கலர் தெரியும் ப்ரோ. சிஸ் மாட்யூல்ல எஸ்டிடிஅவுட்டோட (அவுட்புட் போற வழி) 'ஈஸ்அட்டி' கேட்டுப் பாருங்க, எதிர்ல டெர்மினல் இருந்தா ட்ரூ வரும், ஃபால்ஸ் வந்தா கலர் கோட காலி ஸ்ட்ரிங் ஆக்கிடுங்க. அப்படியே 'நோ கலர்' என்விரான்மென்ட் வேரியபிளும் செட் ஆயிருக்கான்னு பாத்துருங்க, கலரே வேணாம்னு அத வச்சு ஓட்டுறவங்க இருக்காங்க, நானே அப்படித்தான்.