மார்னிங் குளோரி விதை: கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தாம்பரம் மொட்டைமாடி

எதிர்வீட்டுப் பெரியம்மா மருந்துக்கடை உறையில் மடித்துக் கொடுத்த விதைகள் அவை. அவர் வீட்டுக் கொல்லையில் பல ஆண்டுகளாகத் தானே விழுந்து தானே முளைக்கும் ஊதா மார்னிங் குளோரி. நகவெட்டியால் தோலைக் கீறி, இரவு முழுக்க ஊறவைத்து, ஆடியில் ஊன்றினேன். முளைப்பு பற்றி இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொடி கைப்பிடிச்சுவர் முழுவதும் படர்ந்து, உள்ளங்கை அகல இலைகளோடு செழித்து நின்றதே தவிர, புரட்டாசி முடியும்வரை ஒரு மொட்டும் வரவில்லை. பெரியம்மா தினமும் காலையில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருவில் நின்று அண்ணாந்து பார்த்து, "பூத்துதாம்மா?" என்று கேட்பார், நானும் இல்லையென்று தலையசைப்பேன். ஐப்பசியில் ஒரு விடியற்காலையில் நீர்த்தொட்டியின் மூடியைத் திறக்கப் போனபோது, அதன் பின்பக்கம் சரிந்திருந்த கிளை மட்டும் கொத்துக்கொத்தாகப் பூத்திருப்பதைக் கண்டேன். அதே சாடியில், அதே வேரிலிருந்து வந்த கொடியில், தெருவைப் பார்த்த பக்கம் வெறும் இலை.

பெரியம்மா அதற்குள் மகன் வீட்டோடு புணேவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். படம் அனுப்பினேன். "எங்க வீட்டு விதை பொய்க்காது, நீதான் உரத்தை அள்ளிப் போட்டிருப்பே" என்று பதில் வந்தது. கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றியது உண்மைதான். ஆனால் புண்ணாக்கு கொடியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் போய்ச் சேருமா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஓசூர்க் கொடிப்பந்தல்

என் விதையும் பொய் விதை என்று பெயர் வாங்கியது, ஆனால் காரணம் வேறு. ஹெவன்லி புளூ ரகத்தில் நானே சேகரித்த விதைகளை அலுவலக நண்பர் ஒருவருக்குக் கொடுத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து உணவு இடைவேளையில், நான்கைந்து பேர் இருக்கும்போது, தன் கைப்பேசியை என் முன்னே நீட்டி, "நீலம் நீலம் என்று சொல்லிக் கொடுத்தீர்களே, இது என்ன நிறம்?" என்று கேட்டார். படத்தில் இருந்தது சுருங்கத் தொடங்கிய, சிவப்பு கலந்த ஊதாப் பூ. மற்றவர்கள் சிரித்தார்கள். படம் எடுத்த நேரத்தைப் பாருங்கள் என்று நான் சொன்னேன். பகல் பன்னிரண்டரை என்று இருந்தது. அவருக்கு இரவுப்பணி, பொழுது விடிந்து வந்து படுப்பவர், நண்பகலுக்கு முன் எழுந்திருப்பதில்லை.

விடியலில் விரிந்து நண்பகலுக்குள் வாடத் தொடங்கும் இந்தப் பூவின் மொட்டு செவ்வூதாவாக இருந்து, விரியும்போது வான்நீலமாக மாறுகிறது. இதழின் செல்களுக்குள் இருக்கும் சாற்றின் காரகாடி அளவு (pH) மொட்டில் 6.6 ஆகவும் விரிந்த பூவில் 7.7 ஆகவும் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1995-இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். நிறமி அதுவேதான், சாறு மட்டும் மாறுகிறது. வாடும்போது மறுபடி சிவப்பேறுகிறது. இதையெல்லாம் விளக்கிய பிறகும், விடுமுறை நாளில் ஒருமுறை ஆறு மணிக்கு எழுந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகும், அவர் எழுந்து பார்த்ததாகத் தெரியவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் "அவர் கொடுக்கும் நீலம் இளஞ்சிவப்பாகப் பூக்கும்" என்று இன்றும் சொல்லிவருகிறார்.

திருச்சி, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

தாம்பரம் சகோதரிக்கு: உங்கள் பெரியம்மா சொன்னதில் பாதி சரி. தழைச்சத்து மிகுந்தால் இக்கொடி இலையாகவே போகும். ஆனால் உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் தெருவிளக்கில் இருக்கிறது. அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை என்றாலும், தெருப்பக்கம் இலை, தொட்டியின் மறைவில் பூ என்றதுமே எனக்கு அந்த ஐயம் வந்தது.

உங்களிடம் இருப்பது இப்போமியா நில் என்ற இனமாக இருந்தால், அது தாவர உடலியலில் நெடுங்காலமாகச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்படும் குறும்பகல் தாவரம், அதாவது இரவு நீண்டால் பூக்கும் செடி. அதன் சில வகைகள் நாற்றுப் பருவத்திலேயே ஒரே ஒரு நீண்ட இரவைக் கண்டால் போதும், மொட்டுக் கட்டிவிடும். அந்த இரவின் நடுவே சிறிது நேரம் வெளிச்சம் பட்டால் இரவு கெட்டதாகவே செடி எடுத்துக்கொள்ளும். சென்னைப் பக்கத்தில் ஜூன் மாதத்தில்கூடச் சூரியன் மறைந்து உதிப்பதற்கு ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகிறது. எனவே நம் ஊரில் இயற்கை இருட்டுக்குக் குறைவில்லை, விளக்கு வந்து கெடுத்தால்தான் உண்டு. ஐயம் தீர வேண்டுமானால் அடுத்த ஆடியில் இரண்டு சாடிகளைத் தெருப்பக்கமே வையுங்கள். செடி சிறிதாக இருக்கும்போதே ஒன்றை மட்டும் மாலை ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் போதும். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே நீர், புண்ணாக்கு இரண்டுக்கும் கூடாது.

ஊறவைப்பது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீறும்போது விதையின் தழும்பு இருக்கும் முனையைத் தொடாதீர்கள், முளைவேர் அங்கிருந்துதான் வரும். வளைந்த முதுகுப்பக்கம் கீறுங்கள். ஒரு நாளுக்கு மேல் நீரில் விட்டால் அழுகும். காய் தாள்போலக் காய்ந்து பழுப்பான பிறகே பறியுங்கள். பச்சையில் பறித்த விதை சுருங்கிவிடும். இந்த இனத்தில் பூ விரியும்போதே மகரந்தப்பை சூல்முடியில் உரசிவிடுவதால், பெரும்பாலும் தன் மகரந்தமே சேர்ந்து, கொடுத்த நிறமே திரும்ப வரும்.

என் அனுபவம் சிறியது. என் கொடியில் ஒரு ஆண்டு ஊதாவுக்கு நடுவே வெள்ளைக் கோடு தெறித்த ஒரு பூ வந்தது. நூல் கட்டி அடையாளம் வைத்தேன். அன்று மாலையே பேரன் அந்தக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்து என் மேசைமேல் வைத்தான். "தாத்தாவுக்குப் பிடிச்ச பூ" என்றான்.

டோக்கியோ, ஒன்றாம் வகுப்புத் தகப்பன்

இங்கே இதற்கு அசகாவோ என்று பெயர். பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சாடி கொடுத்து, மே மாதத்தில் விதைக்கச் சொல்லி, கோடை விடுமுறைக்கு முன் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். ஜூலை 6 முதல் 8 வரை இரியா பகுதியில் நடக்கும் அசகாவோச் சந்தைக்கு நாங்களும் போனோம். ஆனால் மகளுக்கு அங்கே விற்ற தட்டகலப் பூக்களைவிடத் தன் சாடியில் பூத்த சிறிய பூவே பெரிதாக இருந்தது.

இலையுதிர்காலத்தில் விதை எடுத்தாள். டிசம்பரில் திருநெல்வேலிக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு, பெட்டியைச் சரிபார்த்தபோது அவளுடைய உடுப்புகளுக்கு நடுவே ஓர் உறை இருந்தது. மேலே மீசை வைத்த ஒரு முகம் வரைந்து, "தாத்தா தோட்டம்" என்று எழுத்துக்கூட்டித் தமிழில் எழுதியிருந்தாள். அவள் தமிழில் எழுதிய முதல் முகவரி அது. விதை எடுத்துவர இந்தியாவின் 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவரநலச் சான்றும் வேண்டும் என்பதை ஆறு வயதுக் குழந்தைக்கு எந்தச் சொல்லால் விளக்குவது? செடிக்கும் பாஸ்போர்ட் வேண்டும் என்றேன். "எனக்கு வாங்கின மாதிரி வாங்குங்கப்பா" என்றாள்.

உறையை வெறுமையாக எடுத்துச் சென்றோம். விதைகளை ஏப்ரலில், இங்குள்ள வழக்கப்படி, புதிதாகச் சேர்ந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குக் கொடுத்தாள். வெறும் உறையைத் தாத்தா குலுக்கிப் பார்த்தாரே, அந்த ஓசையின்மை என்னை விடவில்லை.

கோத்தகிரி

டோக்கியோ நண்பர் செய்ததே சரி என்பது என் கருத்து. மற்றவர்கள் விதையைக் கொடுத்தேன், வாங்கினேன் என்று மகிழ்ச்சியோடு எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு அச்சமாக இருக்கிறது. எங்கள் வேலியில் உறவினர் ஒருவர் ஆசையாக வைத்த நீல மார்னிங் குளோரி, ஓடைக்கரை வரை இறங்கிப்போய் அங்கிருந்த புதர்களின் தலையை மூடிவிட்டது. ஒரு மழைநாளில் இழுத்துப் பறிக்கப் போனேன். கையில் வந்த கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வெள்ளை வேர் தொங்கிக்கொண்டிருந்தது. அறுந்த துண்டு நழுவி ஓடையில் விழுந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளைவில் திரும்பி மறைந்தது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நெய்வேலிக் காட்டாமணக்கு தமிழ்நாட்டின் ஏரி, குளம், வாய்க்கால்களை என்ன செய்தது என்பதை அறிந்த பிறகும் நாம் உறை போட்டு அனுப்பிக்கொண்டிருக்கலாமா? அழகாக இருக்கிறது என்பது ஒரு காரணம் ஆகாது.

திருச்சி, ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்

கோத்தகிரி அம்மா அவர்களுக்கு: அச்சம் நியாயமானது, ஆனால் குற்றவாளி வேறு. கணுவுக்குக் கணு வேர்விட்டது என்கிறீர்கள்; அது இப்போமியா இண்டிகா என்ற பல்லாண்டுக் கொடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புகுந்த இடங்களில் அது பெரும்பாலும் விதை கட்டுவதில்லை, தண்டுத் துண்டாலேயே பரவுகிறது. நெய்வேலிக் காட்டாமணக்கும் ஒடித்துப் போட்ட தண்டிலிருந்தே வேர்பிடிக்கும். இங்கே எழுதியவர்கள் கைமாற்றிக்கொண்டவை விதையால் வளரும் ஓராண்டுக் கொடிகள். ஆனாலும் மலையில் இருப்பவர்கள் யார் கேட்டாலும் கொடுக்கவேண்டாம் என்பதில் நான் உங்கள் பக்கம். ஓராண்டுக் கொடியும் விதை சிந்தினால் மறுமழையில் எழும். காய் முற்றும்முன் கிள்ளிவிடுவது தோட்டக்காரரின் பொறுப்பு.

கோத்தகிரி

இனத்தின் பெயர் எதுவாயினும் ஓடையில் போனது போனதுதான் ஐயா. உறைக்குள் எந்த இனம் இருக்கிறது என்பதை எழுதிக் கொடுப்பவர் நம்மில் எத்தனை பேர்?

மதுரை மருமகள்

எழுதிக் கொடுப்பது பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். நாத்தனார் அனுப்பிய மார்னிங் குளோரி விதைகளை, ஈரம் படாமல் இருக்கட்டும் என்று மாமியார் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, அடுக்களை அலமாரியில் மிளகுக்கும் கருஞ்சீரகத்துக்கும் அடுத்தாற்போல் வைத்திருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. வந்திருந்த பெரிய மாமனார், வயிறு மந்தமாக இருக்கிறது என்று தாமே அடுக்களைக்குள் வந்து, அந்தப் புட்டியைத் திறந்து ஒரு கரண்டி நிறைய எடுத்து அம்மியில் கொட்டினார். குழவி இரண்டாம் முறை உருளும் ஓசையில் ஏதோ மாறுபாடு தெரிந்து திரும்பினேன். நொறுங்காமல் தெறித்தது, மிளகு அப்படித் தெறிக்காது. அவர் கையைப் பிடித்துவிட்டேன். பெரிய மாமனாரின் கையை மருமகள் பிடித்தது வீட்டில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. புட்டியில் என்ன இருந்தது என்பதைப் பேச யாருக்கும் தோன்றவில்லை.

ஊதாப் பூக்கொடியின் விதை காலாதானா என்ற பெயரில் கடும் பேதிமருந்தாகவே பயன்பட்டது. ஜப்பானுக்கும் இந்தக் கொடி முதலில் சீனத்திலிருந்து மருந்தாகத்தான் போனது. ஓசூர்க்காரர் எழுதிய ஹெவன்லி புளூவின் விதையில் எர்காட் என்ற தானியப் பூஞ்சையில் இருக்கும் வகையைச் சேர்ந்த, மனத்தைக் குழப்பும் ஆல்கலாய்டுகள் உண்டு. கடையில் வாங்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கவும் கூடும். ஆகவே கோத்தகிரி அம்மா கேட்டபடி இனத்தின் பெயரையும், அதன் கீழே "உண்ணக்கூடாது" என்பதையும் பேனாவால் எழுதி, தாள் உறையில் போட்டு, அடுக்களைக்கு வெளியே வைக்கிறேன். நாத்தனாருக்கு இந்த ஆண்டு திருப்பி அனுப்பிய உறையிலும் அப்படியே எழுதியிருந்தேன். "என்ன, எனக்கே எழுதி அனுப்புகிறாயா?" என்று வருத்தப்பட்டார்.